குட்டைக்கால் நாய்களுக்கு முதுகில் டிஸ்க் விலகினால்: முதல் வலியிலிருந்து ஆபரேஷன், வீட்டுப் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

டாஷ்ஹண்ட், பெக்கினீஸ், ஷிட்சூ, லாசா ஆப்ஸோ, பீகிள், காக்கர் ஸ்பேனியல், ஃபிரெஞ்ச் புல்டாக், இதில் எது உங்கள் வீட்டில் இருந்தாலும் இதை இன்றே படித்து வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த நாய் காலையில் பின்னங்கால் இரண்டையும் இழுத்துக்கொண்டு வருவது இந்த இனங்களில் அபூர்வம் இல்லை. டாஷ்ஹண்டுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது டிஸ்க் பிரச்சினை வருகிறது. வந்த பிறகு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்காது. சில நாய்களுக்கு அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியிருக்கும், அந்த முடிவை எடுக்கப்போவது டாக்டர் மட்டும் இல்லை, நீங்களும்தான்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. டாஷ்ஹண்ட் வளர்ப்பவன், இந்த ஆபரேஷன் முடிந்து வந்த நாயை வீட்டில் வைத்துப் பார்த்தவன், அதற்குப் பிறகு இதே நிலையில் தவித்த வேறு சில வீடுகளுக்கும் போய் உதவியவன். மருந்தின் அளவெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை, அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது. ஆனால் என்ன நடக்கிறது, எதைக் கேட்க வேண்டும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்பதை முழுசாகச் சொல்கிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்கைத்தான் நம் ஊரில் ஜவ்வு என்கிறோம். வெளியே நார் நாராக ஒரு வளையம், உள்ளே வழுவழுப்பான ஒரு கரு. அந்தக் கருவை நுங்கு என்று நினைத்துக்கொள்ளுங்கள்: இளசாக இருக்கும்வரை அழுத்தினால் அமுங்கிக்கொடுக்கும், முற்றிவிட்டால் கல். மற்ற நாய்களுக்கு இது வயதான பிறகு நடக்கிறது. குட்டைக்கால் இனங்களுக்கு ஒரு வயது முடிவதற்குள்ளேயே கரு வறண்டு, அப்புறம் சுண்ணாம்புச் சத்து படிய ஆரம்பித்துவிடுகிறது. காரணம் பரம்பரை. 12ஆம் குரோமோசோமில் எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் ஒரு கூடுதல் நகல் உட்கார்ந்திருப்பதை அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2017இல் கண்டுபிடித்தார்கள். அதனால், சோபாவிலிருந்து குதித்ததால்தான் வந்தது, குழந்தை தூக்கியதால்தான் வந்தது என்று வீட்டில் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். குதித்தது கடைசித் தள்ளு, அவ்வளவுதான். டிஸ்க் அதற்கு ரொம்ப நாள் முன்பே கெட்டுப்போயிருக்கும்.

பெரும்பாலும் மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் நடுவில் ஒரு நாள் வளையம் கிழிந்து, காய்ந்த கரு மேல்பக்கமாகப் பீறிட்டு வெளியே வருகிறது. மேலே இருப்பது தண்டுவடம். வெளியே வந்த பொருள் தண்டுவடத்துக்கு இரண்டு விதமாகக் கெடுதல் செய்கிறது. ஒன்று, வேகமாக வந்து மோதிய அடி. இரண்டு, அங்கேயே தங்கி அழுத்துவது. ஆபரேஷனால் சரிசெய்ய முடிவது இரண்டாவதை மட்டும்தான். மோதிய அடியினால் உண்டான காயம் தானாக ஆற வேண்டும், எவ்வளவு ஆறும் என்பது அடி எவ்வளவு பலம் என்பதைப் பொறுத்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாமே புரியும், அருமையாக ஆபரேஷன் செய்தும் ஏன் சில நாய்கள் நடப்பதில்லை என்பது உட்பட.

இடம் என்று பார்த்தால், நாய்க்குப் பதின்மூன்று ஜோடி விலா எலும்புகள். கடைசி விலாவை ஒட்டிய பகுதியில்தான் அதிகம் விலகுகிறது. அதற்கு முன்னால், மார்புப் பகுதியில், இரு பக்க விலாத் தலைகளையும் இணைக்கும் ஒரு தசைநார் டிஸ்க்குக்கு மேலே குறுக்கே ஓடிக் காவல் காப்பதால் அங்கே விலகுவது குறைவு. அடுத்தபடியாகக் கழுத்து. கழுத்தில் வந்தால் பெரும்பாலும் கால் விழாது, வலிதான் பயங்கரமாக இருக்கும். தலையைத் தாழ்த்தியே வைத்திருக்கும், தரையில் வைத்த தட்டில் குனிந்து சாப்பிடாது, ஒரு முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கும், தூக்கப் போனால் அலறும்.

பக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பக் நாயின் பின்னங்கால் வலியே இல்லாமல் மாதக்கணக்கில் மெதுவாகத் தள்ளாட ஆரம்பித்தால் அது பெரும்பாலும் முள்ளெலும்பு அமைப்பிலேயே உள்ள கோளாறு, இதே நோய் என்று நினைத்து இதே ஆபரேஷனைக் கேட்காதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம்

நாயை நடக்க விட்டு, "பார்ப்போம், எப்படி நடக்கிறது" என்று சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு தரைக்கு இணையாக இருக்க வேண்டும். அக்குளில் கை கொடுத்துக் குழந்தை மாதிரி தூக்கக் கூடாது. கூண்டு இருந்தால் கூண்டில் விடுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் டப், பெரிய அட்டைப்பெட்டி, மேசையின் இழுப்பறை எதுவானாலும் சரி, அடியில் மடித்த பெட்ஷீட் போட்டு அதிலேயே வைத்து, ஆட்டோவானாலும் காரானாலும் அப்படியே எடுத்துப் போங்கள்.

எண்ணெய் தேய்ப்பது, தைலம் பூசுவது, உருவிவிடுவது, எலும்புக் கட்டுப் போடுபவரிடம் தூக்கிப் போவது எதுவும் வேண்டாம். இங்கே உடைந்த எலும்பு எதுவும் இல்லை, உருவினால் இன்னும் கொஞ்சம் கரு வெளியே வரலாம்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரை கண்டிப்பாகக் கூடாது. டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் நாய்க்கு வயிற்றைப் புண்ணாக்கி சிறுநீரகத்தையும் கெடுக்கும். இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்கிறேன்: ஸ்டீராய்டும் மெலாக்ஸிகாம் மாதிரி வீக்கத்தையும் வலியையும் குறைக்கும் மருந்தும் ஒன்றாகவோ அடுத்தடுத்தோ கொடுக்கக் கூடாது. டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி ஒரு இடத்தில், மெலாக்ஸிகாம் இன்னொரு இடத்தில் என்று ஒரே நாளில் இரண்டு கிளினிக்கில் இரண்டும் ஏறி, முதுகு பிழைத்தும் குடலில் ஓட்டை விழுந்து போன நாய்கள் உண்டு. எங்கே போனாலும் என்ன ஊசி போட்டார்கள், எத்தனை மணிக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டாக்டரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

கால் விழுந்த உடனே ஸ்டீராய்டு ஊசியைப் போட்டு "இரண்டு நாள் பார்ப்போம்" என்று அனுப்புவது இன்னமும் நிறைய இடங்களில் நடக்கிறது. அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரி என்ற நிபுணர் அமைப்பு 2022இல் வெளியிட்ட நிபுணர் குழு அறிக்கை, இந்த நோய்க்கு அதிக அளவு ஸ்டீராய்டு தருவதால் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. ஊசியை விட, அந்த "இரண்டு நாள்" தான் எனக்குக் கவலை.

எந்த நிலையில் இருக்கிறது

டாக்டர்கள் ஐந்து நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் வலி மட்டும்: முதுகை வளைத்து நிற்கும், நடுங்கும், படி ஏறாது, தொட்டால் வயிற்றை இறுக்கும். இதைப் பலர் வயிற்று வலி என்று நினைத்து கிரைப் வாட்டர் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இரண்டாவதில் நடக்கும், ஆனால் தள்ளாடும், பாதம் மடங்கி மேல்பக்கம் தரையில் தேயும். மூன்றில் தானாக எழுந்து நடக்க முடியாது, ஆனால் தாங்கிப் பிடித்தால் காலை அசைக்கும். நான்கில் அசைவே இல்லை, ஆனால் வலி தெரியும். ஐந்தில் வலியும் தெரியாது.

நான்குக்கும் ஐந்துக்கும் நடுவில் உள்ள கோடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது, அதைத்தான் ரொம்பப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். டாக்டர் ஒரு கிடுக்கியால் பின்னங்கால் விரலின் எலும்பையே நன்றாக அழுத்திப் பிடிப்பார். கால் வெடுக்கென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். "பார்த்தீர்களா, உணர்ச்சி இருக்கு!" என்று வீட்டுக்காரர்கள் அழுதுவிடுவார்கள். ஆனால் அது வெறும் அனிச்சைச் செயல். அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் மூளையைக் கேட்காமலே அதைச் செய்யும். பார்க்க வேண்டியது காலை இல்லை, முகத்தை. அழுத்தும்போது நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா, கண் விரிகிறதா, மூச்சு மாறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வலி மூளைக்குப் போகிறது, அது நான்காம் நிலை. கால் மட்டும் இழுத்து, முகம் எதுவுமே நடக்காத மாதிரி இருந்தால் ஐந்து. இந்தச் சோதனையை நீங்கள் வீட்டில் செய்யாதீர்கள், ஆனால் டாக்டர் செய்யும்போது பக்கத்தில் நின்று முகத்தைப் பாருங்கள். இரண்டு பின்னங்காலிலும், வாலிலும் பார்த்தாரா என்று கேளுங்கள்.

முன்னங்கால் இரண்டும் விறைத்து நீட்டிக்கொண்டு, பின்னங்கால் துவண்டு கிடக்கும் ஒரு தோற்றம் சிலதுக்கு வரும். பார்க்கப் பயமாக இருக்கும். அதை வைத்து மட்டும் நாய் பிழைக்காது என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ள வேண்டாம், விளைவைத் தீர்மானிப்பது அந்த விரல் சோதனைதான்.

ஆபரேஷனா, ஓய்வா

முதல் இரண்டு நிலைகளுக்குப் பெரும்பாலும் ஓய்வும் வலி மருந்தும் போதும், பத்தில் எட்டு நாய்கள் அதிலேயே தேறிவிடுகின்றன. ஆனால் ஓய்வு என்றால் கூண்டு. குறைந்தது நான்கு வாரம், சிறுநீர் கழிக்க மட்டும் வெளியே, அதுவும் வாரைப் பிடித்தபடி. மூன்றாம் நாள் வலி போனதும் நாய் துள்ளும், நமக்கும் பாவமாக இருக்கும், திறந்துவிடுவோம், வளையம் ஆறியிருக்காது, மறுபடி கிழியும். மருந்தில் குணமாகாத நாய்கள் என்று சொல்லப்படுவதில் பாதி, கூண்டில் இருக்காத நாய்கள் என்பது என் எண்ணம்.

வலி மருந்து கொடுத்தும் குறையவில்லை, அல்லது திரும்பத் திரும்ப வருகிறது, அல்லது ஒரு நிலையிலிருந்து அடுத்ததுக்கு இறங்குகிறது என்றால் முதல், இரண்டாம் நிலையிலும் ஆபரேஷனைப் பற்றிப் பேச வேண்டும்.

எழுந்து நடக்க முடியாத நாய்க்கு, அதாவது மூன்றிலிருந்து, ஆபரேஷன்தான் முதல் தேர்வு. வலி உணர்வு இருக்கும்போதே ஆபரேஷன் ஆன நாய்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மறுபடி நடக்கின்றன. நான்காம் நிலையில் ஆபரேஷன் இல்லாமல் விட்டால் இது பத்தில் ஆறு. ஐந்தாம் நிலையில் ஆபரேஷன் செய்தால் பத்தில் ஆறு, செய்யாவிட்டால் இரண்டு. எத்தனை மணி நேரத்துக்குள் என்று கறாரான கெடு எதையும் ஆய்வுகள் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் நான்காம் நிலையில் மாலையில் இருந்த நாய் மறுநாள் காலையில் ஐந்தாம் நிலைக்குப் போய்விடலாம். அதனால் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம்.

பணம் இல்லை என்றால்? இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு டாக்டரிடம் போகாமல் இருப்பவர்கள் நிறைய. போய்ச் சொல்லுங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல் கல்லூரி போன்ற இடங்களின் போதனா மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைத் துறையே இருக்கிறது, தனியாரை விடச் செலவு மிகக் குறைவு. போவதற்கு முன் போன் செய்து நாயின் நிலையைச் சொல்லி, ஸ்கேன் வசதி, அன்றைக்கு சர்ஜன் இருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எதுவுமே முடியாவிட்டாலும் நான்காம் நிலை நாயைக் கூண்டு ஓய்விலும் நல்ல பராமரிப்பிலும் வைத்தால் பாதிக்கு மேல் எழுந்து நடக்கின்றன, "கால் விழுந்துவிட்டது, கருணைக்கொலை ஊசி போட்டுவிடுங்கள்" என்று அதே நாளில் முடிவு செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

ஸ்கேனும் பரிசோதனைகளும்

சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், சுண்ணாம்பு படிந்த டிஸ்க் தெரியும், ஆனால் தண்டுவடத்தை எது அழுத்துகிறது என்பது தெரியாது. அதை மட்டும் பார்த்து முதுகைத் திறக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. தான் எல்லாவற்றையும் காட்டும், தண்டுவடத்தில் வீக்கம் எவ்வளவு தூரம் என்பதையும் சேர்த்து. சி.டி. ஸ்கேன் வேகமானது, சுண்ணாம்பு படிந்த கருவை நன்றாகவே காட்டும், டாஷ்ஹண்டுகளுக்கு நிறைய சமயம் அதுவே போதும். இரண்டும் இல்லாத ஊரில் தண்டுவடத்தைச் சுற்றி அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுப்பார்கள், மைலோகிராம் என்பது இது. பழைய முறைதான், சில நாய்களுக்கு அதன் பிறகு வலிப்பு வரலாம், ஆனால் கைதேர்ந்தவர் செய்தால் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். எதுவாக இருந்தாலும் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: எந்த டிஸ்க், எந்தப் பக்கம்.

ஸ்கேனுக்கும் மயக்கம் கொடுக்க வேண்டும் என்பதால், ஸ்கேனும் ஆபரேஷனும் ஒரே மயக்கத்தில் முடிகிற இடம் கிடைத்தால் நல்லது.

ரத்தப் பரிசோதனையில் நம் ஊருக்கென்று ஒன்று: பிளேட்லெட் எண்ணிக்கை. உண்ணிக் காய்ச்சல் இங்கே சர்வசாதாரணம், வெளியே அறிகுறியே இல்லாமல் எர்லிக்கியா கிருமி உள்ளே இருந்து பிளேட்லெட்டைக் குறைத்து வைத்திருக்கும். தண்டுவடத்தை ஒட்டி ஓடும் சிரைகள் மெல்லியவை, அங்கே ரத்தம் உறையாமல் போனால் சர்ஜனுக்குப் பெரிய சங்கடம். உங்கள் நாய்க்கு முன்பு உண்ணிக் காய்ச்சல் வந்திருந்தால் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் அறையில்

முதுகுப் பகுதிக்கு வழக்கமாகச் செய்வது ஹெமிலாமினெக்டமி. நாயைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகு முழுக்க முடியை மழித்து, நடுக்கோட்டில் வெட்டுவார்கள். கடைசி விலாவைக் கையால் தொட்டு, அதிலிருந்து எண்ணி இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். எண்ணிக்கை ஒன்று தப்பினால் தப்பான டிஸ்க்கைத் திறந்துவிடும் அபாயம் உண்டு, அதனால் நல்ல சர்ஜன் இரண்டு மூன்று முறை எண்ணுவார். ஸ்கேன் எந்தப் பக்கம் காட்டியதோ அந்தப் பக்கத்துத் தசைகளை எலும்பிலிருந்து விலக்கி, முள்ளெலும்பின் பக்கவாட்டுச் சுவரை அதிவேகத் துரப்பணத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுவார்கள். சூடு தண்டுவடத்தைத் தாக்காமல் இருக்க உப்பு நீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி மெல்லிய தகடு வந்ததும் துரப்பணத்தை வைத்துவிட்டு, நுண்ணிய கிடுக்கியால் எலும்பை எடுத்து ஒரு ஜன்னல் திறப்பார்கள். உள்ளே தண்டுவடம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, அதற்குக் கீழே வெள்ளையாக, உதிரி உதிரியாக, கொஞ்சம் ரத்தத்தோடு சேர்ந்து அந்தக் கரு கிடக்கும். வளைந்த நுண்கருவியால் தண்டுவடத்தைத் தொடாமல் அதைக் கீழ்ப்பக்கமிருந்து வழித்தெடுக்க வேண்டும். இதுதான் சர்ஜனின் கைத்திறன் தெரியும் இடம்.

விலகிய டிஸ்க்கில் மிச்சம் இருக்கும் கருவையும் பக்கவாட்டில் ஒரு சிறு வெட்டுப் போட்டு எடுத்துவிட வேண்டும், இதை ஃபெனஸ்ட்ரேஷன் என்கிறார்கள். எடுக்காவிட்டால் அதே ஓட்டை வழியாக மீதியும் வெளியே வரலாம். பக்கத்து டிஸ்க்குகளுக்கும் செய்வதா என்பதில் சர்ஜன்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. டாஷ்ஹண்டு என்றால் செய்யச் சொல்லிக் கேட்பேன், ஏனென்றால் இவைகளுக்கு அடுத்தது விலகும் வாய்ப்பு அதிகம். ஆனால் கடைசி முடிவு திறந்து பார்க்கிறவருடையது.

கழுத்து என்றால் வழி வேறு. நாயை மல்லாக்கப் படுக்க வைத்து, தொண்டைப் பக்கமிருந்து, மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒதுக்கிவிட்டு, எலும்பின் அடியில் ஒரு குறுகிய பள்ளம் தோண்டி அதன் வழியாகக் கருவை எடுப்பார்கள். பள்ளத்தின் அகலம் எலும்பின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, தாண்டினால் கழுத்து நிலையாக நிற்காது, இரண்டு பக்கமும் ஓடும் சிரைகளும் வெட்டுப்படும்.

சர்ஜனிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்கிறவரா, ஃபெனஸ்ட்ரேஷன் செய்வாரா, ராத்திரி நாயோடு யார் இருப்பார்கள், சிறுநீரை யார் எடுத்துவிடுவார்கள், ஸ்கேன், மயக்க மருந்து, ஆபரேஷன், தங்கும் செலவு தனித்தனியாக எவ்வளவு. கேட்டால் கோபப்படுகிற இடத்தில் ராத்திரிப் பராமரிப்பும் அப்படித்தான் இருக்கும்.

பெக்கினீஸ், ஷிட்சூ, ஃபிரெஞ்ச் புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மயக்கம் தெளியும் நேரம் ஆபத்தானது, மூச்சுக்குழாயில் போட்ட டியூபை அவசரப்பட்டு எடுக்கக் கூடாது, முழுசாக விழிக்கும்வரை ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

முதல் சில நாட்கள்

ஆபரேஷன் முடிந்த மறுநாளே நாய் நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிறைய நாய்கள் முதல் நாளில் முன்பை விடக் கொஞ்சம் மோசமாகக்கூடத் தெரியும், வீக்கம் இறங்க வேண்டும். வலி உணர்வு இருந்த நாய்கள் பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்குள் நடக்கின்றன. உணர்வு இல்லாமல் போனவற்றுக்கு வாரங்கள், சிலதுக்கு மாதங்கள்.

ஒரு கெட்ட விஷயத்தையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், யாரும் சொல்லாமல் இது வந்து இடிந்துபோன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நிலை நாய்களில் சுமார் பத்தில் ஒன்றுக்கு, ஃபிரெஞ்ச் புல்டாக்கில் இன்னும் அதிகமாக, தண்டுவடம் அடிபட்ட இடத்திலிருந்து இரண்டு பக்கமும் அழுகிக்கொண்டே போகும். மைலோமலேசியா என்று பெயர். ஆபரேஷன் நன்றாக நடந்தாலும் வரலாம், பெரும்பாலும் முதல் ஒரு வாரத்துக்குள். பின்னங்கால் முழுசாகத் துவண்டு அனிச்சைச் செயலும் போய்விடும், ஆசனவாய் தளர்ந்து திறந்து கிடக்கும், வயிறு தொளதொளவென்று ஆகும், காய்ச்சல், அமைதியில்லாத வலி, பிறகு முன்னங்காலும் பலவீனமாகும். கடைசியில் மூச்சு நின்றுவிடும். இதற்கு மருத்துவம் இல்லை. உறுதியானால் மூச்சு திணறும்வரை வைத்திருக்காமல் வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் அந்த நாய்க்குச் செய்யும் நல்லது.

வீட்டில்: முதலில் சிறுநீர்

ஆபரேஷனைச் சர்ஜன் செய்கிறார், நாயைக் காப்பாற்றுவது இந்த வேலை. கால் அசையாத நாய்க்குச் சிறுநீர்ப்பையும் தானாக இயங்காது. படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து "தானாகவே போகிறான்" என்று நினைப்பார்கள். அது பெரும்பாலும் நிரம்பி வழிவது. உள்ளே பை விறைப்பாக நிறைந்து, மேலே மேலே ஊறுவது மட்டும் சொட்டுகிறது. அப்படியே விட்டால் பையின் தசை நைந்து, கிருமி ஏறி, சிறுநீரகம்வரை போகும்.

டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன் மருத்துவமனையிலேயே உங்கள் கையால் செய்து பார்க்காமல் வீட்டுக்கு வராதீர்கள். முறை இதுதான். நாயை நிற்க வைத்துத் தாங்கிக்கொள்ளுங்கள், அல்லது பக்கவாட்டில் படுக்க வையுங்கள். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, பின்தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரண்டு பக்கமும் வையுங்கள். விரல் நுனியால் குத்தக் கூடாது, விரல்கள் தட்டையாக இருக்கட்டும். உள்ளே உருண்டையாக, வழுக்கும் ஒன்று தட்டுப்படும். அதை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்து, மெதுவாக, ஒரே சீராக அழுத்தத்தைக் கூட்டி, வால் பக்கமாகத் தள்ளுங்கள். ஆரம்பத்தில் நாய் வயிற்றை இறுக்கும். கையை எடுக்காமல் காத்திருங்கள், சில நொடிகளில் தளரும், அப்போது தாரையாக வரும். வருவது நிற்கும்வரை பிடியுங்கள், அப்புறம் ஒரு முறை தொட்டுப் பை சுருங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ராத்திரி உட்பட. பை கல் மாதிரி இறுகி எவ்வளவு அழுத்தியும் வராவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள், பை கிழியும். டாக்டரைக் கூப்பிடுங்கள், வாயிலைத் தளர்த்த பிராசோசின் போன்ற மருந்து உண்டு, தேவைப்பட்டால் டியூப் போடுவார்கள்.

நாற்றம், கலங்கல், ரத்தம் தெரிந்தால் சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முதல் சில வாரங்களில் கிருமி தொற்றுவது ரொம்ப சகஜம். மலம் பற்றிக் கவலை வேண்டாம், அது தானாக வந்துவிடும்.

படுக்கை மெத்தென்று, காய்ந்து இருக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இல்லையென்றால் இடுப்பு எலும்பு துருத்தும் இடத்தில் புண் வரும். நம் வெயிலில் ஈரத்தோடு கிடக்கும் நாயை ஈ மொய்த்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும். வாலுக்கு அடியிலும் தொடை இடுக்கிலும் தினமும் விலக்கிப் பாருங்கள், கழுவித் துடைத்து உலர்த்துங்கள், அந்த இடத்து முடியைக் குட்டையாக வெட்டிவிடுங்கள். டயாபர் போட்டு மறந்துவிடுவது எல்லாவற்றையும் விட மோசம்.

தையலைப் பத்து முதல் பதினான்கு நாளில் எடுப்பார்கள், அதுவரை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், குளிப்பாட்டக் கூடாது. வலிக்கு கபாபென்டின் எழுதினால் மாத்திரையோ கேப்ஸ்யூலோ வாங்குங்கள். மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் ஸைலிட்டால் என்ற இனிப்பு இருக்கும், அது நாய்க்கு விஷம்.

காலுக்குப் பயிற்சி

முதல் மூன்று நாள் வெட்டிய இடத்தில் துணி சுற்றிய ஐஸ் பை, பத்துப் பத்து நிமிடம். அதோடு, நாயைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, பின்னங்காலின் ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள், விரலிலிருந்து இடுப்புவரை, பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கடைசியில் முழுக்காலையும் சைக்கிள் மிதிக்கும் அசைவில் சுற்றுங்கள். நாய் முகம் சுளித்தால் நிறுத்துங்கள்.

அசைவு வர ஆரம்பித்ததும், பழைய வேட்டியையோ துப்பட்டாவையோ மடித்து வயிற்றுக்குக் கீழே கொடுத்து, பின்பக்கத்தின் பாரத்தைத் தூக்கிப் பிடித்தபடி நடத்துங்கள். பாதம் மடங்காமல் உள்ளங்கால் தரையில் பட வேண்டும், மடங்கினால் ஒவ்வொரு முறையும் குனிந்து நேராக்கி வையுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் பாதம் எங்கே இருக்கிறது என்பதை நாயின் உடம்பு இப்படித்தான் மறுபடி கற்றுக்கொள்கிறது. டைல்ஸிலும் மார்பிளிலும் நடத்தாதீர்கள். ரப்பர் மேட், கோரைப்பாய், மண் தரை, புல் எதுவும் பரவாயில்லை. தையல் எடுத்து டாக்டர் சொன்ன பிறகு தண்ணீரில் நடக்கும் பயிற்சி கொடுக்கலாம். பயிற்சி நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கூண்டுதான், நான்கிலிருந்து ஆறு வாரம்.

முன்னேற்றத்துக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் விரலில் வலி தெரியும், அடுத்து நம்மைப் பார்த்ததும் வால் ஆடும், பிறகு கால் அசையும், பிறகு எழும், கடைசியில்தான் சீரான நடை. வாரத்துக்கு ஒரு தடவை போனில் வீடியோ எடுத்து வையுங்கள், தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது.

உணர்வு திரும்பாமலே சில நாய்கள் பல மாதம் கழித்து அனிச்சையாலேயே ஒரு மாதிரி நடக்கக் கற்றுக்கொள்ளும். நடக்காதவைக்கு இரண்டு சக்கர வண்டி இருக்கிறது. சிறிய நாய் என்பதால் வண்டியும் சின்னது, தூக்குவதும் சுலபம். வலி இல்லாமல், சிறுநீரை நேரத்துக்கு எடுத்துவிட ஆள் இருந்தால் அந்த நாய்கள் பல வருடம் சந்தோஷமாக இருக்கின்றன.

அதற்கப்புறம்

எடை கூடவிடாதீர்கள், விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு மார்புப் பட்டைக்கு மாறுங்கள். சோபாவுக்கும் கட்டிலுக்கும் சாய்பலகை, மாடிப்படிக்குக் குறுக்கே ஒரு தடுப்பு. ஆனால் பயந்துகொண்டு நடக்கவே விடாமல் வைக்காதீர்கள், தினசரி நடை முதுகுத் தசைக்குத் தேவை.

இந்த நாயிலிருந்து குட்டி எடுக்காதீர்கள். டென்மார்க், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் டாஷ்ஹண்டை இனப்பெருக்கம் செய்வதற்கு முன் எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த டிஸ்க்குகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறார்கள், இங்கிலாந்திலும் 2022இல் அப்படி ஒரு திட்டம் வந்தது. நம் ஊரில் குட்டி வாங்கும்போது தாய் தகப்பனுக்கு முதுகுப் பிரச்சினை வந்ததா என்று கேட்கிறவர்களே குறைவு. கேளுங்கள்.

மறுபடி வருமா என்றால், வரலாம், பெரும்பாலும் வேறொரு டிஸ்க்கில், முதல் ஓரிரண்டு வருடங்களுக்குள். அதனால் கூண்டை மடித்துப் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பழைய ஸ்கேன், ஆபரேஷன் குறிப்பு, எந்தெந்த டிஸ்க்கைத் திறந்தார்கள் என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள், போனிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள், இரண்டாம் தடவை திறக்கப்போகும் சர்ஜனுக்கு அது வேண்டும். முதுகை வளைத்தோ, படியில் தயங்கியோ நாய் நின்றால் அன்றைக்கே கூண்டில் விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.